கடைசி நாற்காலியில் நான்கு விரல்கள்

அவன் கைகள் வெள்ளியாக மின்னின. அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. முகம் பிறகுதான் வரும்.

விருதுநகரில் ஒரு மாடி அறை. ஞாயிறு காலை. ஜன்னல் வழியே வந்த வெயில், சாய்த்து வைத்த பலகையைப் போலக் கடைசி வரிசை நாற்காலிகளின் மேல் கிடக்கிறது. அந்த வெயிலுக்குள் வந்து உட்கார்ந்தான் மாரியப்பன். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத அலுமினியப் பொடி, அவன் கையை அசைக்கும்போதெல்லாம் மீன் செதிலாக மினுங்கியது.

ஆராதனை நடந்துகொண்டிருந்தது. நாங்கள் பதினோரு பேர். எங்கள் சபையில் திராட்சை ரசம் கிடையாது. ரொட்டித் துண்டும் தண்ணீரும்தான். இருமல் மருந்துப் புட்டியின் மூடி அளவுக்குச் சின்னஞ்சிறு கோப்பைகள். தட்டை ஏந்தி வந்தவர், புதியவர் என்று பார்க்காமல் மாரியப்பனிடமும் நீட்டினார். இருபத்தைந்து கிலோமீட்டர் பைக்கில் வந்த தாகம் அவனுக்கு. ஒரே மடக்கு. கோப்பையைத் திருப்பிப் பார்த்தான்.

"அம்புட்டுத்தானா? இன்னொண்ணு எடுத்துக்கிடவா?"

பதினோரு பேரும் சிரித்துவிட்டோம். நானும் சிரித்தேன். அவன் எதற்காக வந்திருக்கிறான் என்று எனக்கு மட்டும் தெரியும். தெரிந்திருந்தும் சிரித்தேன்.

ஒரு கடிதமும் பதிலும்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் கல்லூரி ஆய்வகத்துத் தராசைப் பற்றி எழுதியிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்காற்றுக்கும் ஆடும் அந்தத் தராசின் முன் முப்பது ஆண்டுகள் நின்றவன் நான். அதைப் படித்துவிட்டு அருப்புக்கோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வேதியியல் கற்பித்த நீங்கள் போயும் போயும் மார்மன் ஆனது எப்படி?"

'போயும் போயும்' என்பதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டில் கேட்ட கேள்விதான் அது.

மார்மன் என்பது இருநூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு. சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. காப்பி, தேநீர், மது, புகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. இவையெல்லாம் வெளியே தெரிபவை. என்னை இழுத்தது உள்ளே இருந்த ஒன்று.

மற்றச் சபைகளில் கடவுள் ஒன்றுமில்லாமையிலிருந்து உலகத்தைப் படைத்தார் என்பார்கள். இவர்கள் அப்படிச் சொல்வதில்லை. பொருள் எப்போதும் இருந்தது, இருக்கும். கடவுள் அதை எடுத்து ஒழுங்குபடுத்தினார், அவ்வளவுதான். ஆவியும் பொருள்தான், நம் கண்ணுக்கு அகப்படாத அளவு மெல்லிய பொருள். மனிதனுக்குள் 'நான்' என்று அறிகிற அந்த அறிவு யாராலும் படைக்கப்பட்டதல்ல, அழிக்கப்படக் கூடியதும் அல்ல. உலகங்கள் எண்ணற்றவை. கடவுளும் விதிகளின்படியே வேலை செய்கிறார்.

கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தபோது கதவைத் தட்டிய இரண்டு வெள்ளைச் சட்டை இளைஞர்கள் இதைச் சொன்னார்கள். பொருளைப் புதிதாக ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அந்தச் சுண்ணாம்புக் கட்டித் தூளை யாரோ என் நெற்றியில் பூசியதுபோல இருந்தது. பூமியின் வயது, உயிர்களின் பரிணாமம், விண்மீன் கூட்டங்கள் எல்லாவற்றுக்கும் இதில் இடம் கிடைக்கும் என்று தோன்றியது. படைப்பின் ஒரு 'நாள்' எத்தனை கோடி ஆண்டுகளாக இருந்தால்தான் என்ன?

பணி ஓய்வு பெற்றிருந்தேன். முழுக்கு எடுத்து, அதாவது ஞானஸ்நானம் பெற்று, சபையில் சேர்ந்தேன்.

காப்பி குடிக்காத சாமி

என் மனைவி சரஸ்வதி சேரவில்லை. அவளுக்கு அவளுடைய பராசக்தி போதும். ஆனால் தடுக்கவும் இல்லை. முதல் வாரம் டம்ளரோடு வந்து நின்றவளிடம் விதியைச் சொன்னேன்.

"காப்பி குடிக்காத சாமியா? அப்ப காலையில எப்படி எந்திரிப்பாரு?" என்றாள். பிறகு அந்தக் காப்பியை என் எதிரிலேயே நின்று, ஆற்றி ஆற்றி, நுரை மூக்கில் படும்படி குடித்தாள். அந்த மணம் இப்போதும் என் விடியற்காலைகளில் வருகிறது. அவள் போய் ஆறு வருடம் ஆகிறது.

புதிதாகச் சேர்ந்தவனுக்கு இருக்கிற வேகம் எனக்கு இருந்தது. சனி இரவே போனை அணைத்துவிடுவேன். ஞாயிறன்று செய்தித்தாளைக்கூடப் பிரிக்க மாட்டேன். ஓய்வுக்குப் பின் அந்தப் பட்டாசுக் கம்பெனிக்கு வாரம் இரண்டு நாள் ரசாயன ஆலோசகராகப் போய்வந்தேன். வந்திறங்கும் மருந்துப் பொடிகளைச் சோதிப்பது, கலவை அறைகளில் விதிப்படி வேலை நடக்கிறதா என்று பார்ப்பது. முதலாளியிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன்: ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

"நீங்க வராட்டி என்ன சார், ஞாயித்துக்கெழமை கம்பெனியே கெடையாதுல்ல" என்று சிரித்தவன் மாரியப்பன்தான்.

வாசலில்

அந்த ஞாயிறு, ஆராதனை தொடங்குவதற்குச் சற்று முன், மாடிப்படியில் அவன் வந்து நின்றான். மூச்சு வாங்கியது.

"போன் அடிச்சேன் சார், ஆப்பாக் கெடக்கு. வீட்டுக்குப் போனேன். அம்மாதான் இங்கன இருப்பீகன்னு சொன்னாக."

"என்ன விசயம் மாரியப்பா?"

"நேத்துக் கலந்த மருந்து மிச்சம் கெடக்கு சார். கல்யாண வீடுன்னு ஆளுக வெள்ளனமே போயிட்டாக. ராத்திரி மழ பேஞ்சுச்சுல்ல, கூரை ஓட்டை வழியா எறங்கியிருக்கு. இப்பம் கிட்டப் போனாச் சூடு தெரியுது. ஒரு வாடை வேற, பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்து கணக்கா. மொதலாளி டெல்லிக்குப் போயிருக்காக, மேனேஜருக்கு மருந்து வெவரம் தெரியாது. என்ன செய்யன்னு தெரியல."

அந்த வாடை அம்மோனியா. ஈரம் பட்ட அலுமினியக் கலவை தனக்குத் தானே சூடேறுகிறது என்பதன் அடையாளம். கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும், ஒரு பிடிகூட இரவு தங்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விதி. தங்கிவிட்டால், சூடேறிவிட்டால், செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கிட்டப் போகாதே, ஆட்களை விலக்கு, தானாக எரிந்து தீரட்டும்.

ஒரே வாக்கியம். அந்தச் சின்னக் கோப்பைத் தண்ணீரைக் குடிக்கிற நேரம்கூட ஆகாது.

உள்ளே பாட்டுத் தொடங்கிவிட்டது. எங்கள் சபையில் போதகர் இல்லாததால் உறுப்பினர்களே முறை வைத்துப் பேசுவோம். அன்று என் முறை. பொருளின் அழியாமையைப் பற்றி மூன்று வாரமாக எழுதித் திருத்திய தாள்கள் சட்டைப் பையில் இருந்தன. வேலைப் பேச்சைத் தொடங்கினால் மனம் கலைந்துவிடும், நாளின் தூய்மை போய்விடும் என்று நினைத்தேன். இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று இத்தனை வருடம் கழித்துக் கேட்டுக்கொண்டால், தாள்கள்தான்.

"இன்னைக்கு வேலைப் பேச்சுப் பேச மாட்டேன் மாரியப்பா. திங்கக்கிழமை காலையில வாரேன்."

"ஏழு மணிக்கெல்லாம் பொம்பளையாளுக வந்துருவாக சார்."

"அதுக்கு முந்தி வந்துருவேன். வந்தது வந்துட்ட, உள்ள வா. இன்னைக்கு நான்தான் பேசுறேன்."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். பேச்சு முடிந்த பிறகாவது ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பான்.

அழியாத பொருள்

நன்றாகப் பேசினேன். அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

மெழுகுவர்த்தி எரிந்து தீரும்போது மெழுகு எங்கும் போவதில்லை. காற்றாகவும் நீராவியாகவும் இந்த அறையிலேயே இருக்கிறது என்றேன். நம் எலும்பிலுள்ள சுண்ணாம்பும் ஆலங்குளத்தில் சிமென்ட் ஆலைக்கு வெட்டுகிற சுண்ணாம்பும் ஒரே பொருள். இரண்டுமே நட்சத்திரங்களுக்குள் சமைந்தவை என்றேன். ஆகவே நாம் இல்லாமல் இருந்த காலம் என்று ஒன்று இல்லை, இல்லாமல் போகும் காலமும் இல்லை என்று முடித்தேன்.

மாரியப்பன் வாயைச் சற்றுத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். வலது கை நாற்காலியின் பிடியை இறுகப் பற்றியிருந்தது. 'எதுவும் அழிவதில்லை' என்றபோது தலையை ஆட்டினான். வெயில் அவன் மேலிருந்து பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்திருந்தது. முடிவுப் பாட்டுக்குப் பின் கண் திறந்தபோது அவன் இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன். மூன்று மணி இருக்கும். சரஸ்வதி என் தோளைத் தொட்டு எழுப்பினாள். அவளுடைய போனுக்கு மேனேஜர் கூப்பிட்டிருந்தார். மாரியப்பன் தனியாகப் போய், அந்த மருந்தை அறையிலிருந்து வெளியே எடுத்துவிடப் பார்த்திருக்கிறான். மருந்து வெடித்துவிட்டது. போனது அவன் ஒருவன்தான். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

"காலையில ஒங்களைத் தேடி வந்தாரே. பாத்தீகளா?" என்றாள் சரஸ்வதி.

"பாத்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் அனுப்புனேன்."

அவள் நம்பினாள். நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு என்னை நம்பாமலிருக்கக் காரணம் இல்லை. விசாரணைக்கு வந்தவர்கள் ஓட்டைக் கூரையைப் பற்றிக் கேட்டார்கள், மிச்ச மருந்தைப் பற்றிக் கேட்டார்கள். ஞாயிறு காலை அவன் எங்கே போயிருந்தான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். திருத்தங்கலில் ஒரு சந்து. அவன் மனைவி பேச்சியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய், "எதுவும் அழியிறதில்லம்மா" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். துக்கம் அடைத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

என் தத்துவத்தில் யாரும் சாகவில்லை

அதன் பிறகு வந்த ஆண்டுகளில் நான் நிறையப் படித்தேன். அணுவுக்குள் இருப்பவை, ஆற்றலின் பாதுகாப்பு, காலத்தின் தன்மை. சபையின் போதனையையும் அறிவியலையும் இரண்டு கண்ணாடித் தகடுகளைப் போல ஒன்றன் மேல் ஒன்று வைத்து, கோடு கோட்டோடு சேர்கிறதா என்று பார்ப்பேன். சேர்ந்தது. ஆவி பொருள், பொருள் அழியாது, ஆகவே மாரியப்பன் இருக்கிறான். என் தத்துவத்தில் யாரும் சாகவில்லை. யாரும் சாகாத உலகத்தில் யாரும் யாரையும் சாகவிடவும் முடியாது.

எவ்வளவு வசதியான வீடு அது! ஒரு ஜன்னலும் இல்லாத வீடு.

நாங்கள் ஞாயிறு கூடும் அறை வேறு, ஆலயம் வேறு; அது உலகில் சில ஊர்களில்தான் உண்டு. அங்கே போக விரும்புகிறவர்கள், சபையை நடத்துபவரிடம் நேர்காணலுக்கு உட்கார்ந்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எங்கள் சபையை நடத்தியவர் ஜேசுராஜ் என்ற சகோதரர். வாரநாளில் ஆட்டோ உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். கிரீஸ் வாசம் போகாத கைகளைக் கோத்துக்கொண்டு, கூச்சத்தோடுதான் கேட்பார்: "சரிசெய்யாத பெரிய தப்பு ஏதாவது இருக்கா பிரதர்?"

"இல்லை" என்பேன். தடுமாறாமல், கண்ணைப் பார்த்துச் சொல்வேன். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அந்தக் கேள்வி வந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அந்தப் பதிலும் வந்தது.

சோப்புத் தண்ணீர்

இந்த இடத்தில் நான் ஒரு நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாரியப்பன் பற்றியிருந்த பிடியில் அவன் விரல்கள் பதிந்திருந்தன. வியர்வையும் அலுமினியப் பொடியும் சேர்ந்து வெள்ளைப் பிளாஸ்டிக்கில் நான்கு சாம்பல் நிறக் கோடுகள். கட்டைவிரல் அடிப்பக்கம் போயிருக்கும். ஞாயிறுதோறும் வெயில் அந்த நாற்காலிக்கு வரும் நேரத்தில் நான்கு விரல்களும் ஒளிரும். மற்றவர்களுக்கு அது அழுக்கு. ஆண்டுக்கணக்கில் நான் அதை ஓரக்கண்ணால் பார்த்துவந்தேன். கனவிலும் வரும். அறை நீண்டுகொண்டே போகும், வெள்ளை நாற்காலிகள் வயல் வரப்பைப் போல வளைந்து வளைந்து போகும், எல்லாப் பிடிகளிலும் நான்கு விரல்கள்.

சரஸ்வதி இறந்த வருடம், ஏதோ கூட்டத்துக்காக ஜேசுராஜின் மனைவி மெர்சி நாற்காலிகளையெல்லாம் மொட்டை மாடியில் போட்டுக் கழுவினார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த நாற்காலி அவர் கையில் இருந்தது. தேங்காய் நாரால் ஒரு தேய். நுரையோடு ஒரு வெள்ளிச் சரடு வழிந்து, தளத்தில் ஓடி, மழைநீர்க் குழாய்க்குள் இறங்கியது.

"பாருங்க பிரதர், என்னமாப் பளிச்சுன்னு ஆயிட்டு" என்றார் மெர்சி.

குழாயருகே குந்தி உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலிக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

அலுமினியத்தில் ஓர் அணுகூடக் குறையவில்லை. என் தராசு அங்கே இருந்திருந்தால் அதைச் சாட்சி சொல்லியிருக்கும். எல்லாம் இருக்கிறது. நான்கு விரல்கள் மட்டும் இல்லை.

இத்தனை ஆண்டுகள் பாதிப் பாடத்தை மட்டும் படித்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. பொருள் அழியாது என்று சொல்லும் அதே அறிவியல், ஒழுங்கு அழியும் என்றும் சொல்கிறது. உடைந்த குடம் தானாகச் சேராது. ஆறிய பால் தானாகச் சுடாது. அதை நானே கற்பித்திருக்கிறேன். என் சபையும் அதைத்தானே சொல்கிறது! பொருள் எப்போதும் இருந்ததென்றால் கடவுள் செய்தது என்ன? சேர்த்தார், ஒழுங்குபடுத்தினார். அது ஒன்றுதான் அவர் வேலை. அப்படியானால் இந்தப் பிரபஞ்சத்தில் புனிதம் என்று ஒன்று இருந்தால், அது பொருளில் இல்லை. அது சேர்ந்திருக்கிற விதத்தில் இருக்கிறது. கொஞ்சம் சுண்ணாம்பும் தண்ணீரும் இரும்பும் கரியும் சேர்ந்து, "இன்னொண்ணு எடுத்துக்கிடவா?" என்று கேட்கிற விதத்தில்.

இரண்டு கண்ணாடித் தகடுகளும் இப்போதும் கோட்டோடு கோடு சேர்ந்துதான் இருந்தன. நான் நின்ற பக்கம்தான் மாறிப்போயிருந்தது.

ஒருமுறை சேர்த்தவரால் மறுபடியும் சேர்க்க முடியும் என்பது எங்கள் நம்பிக்கை. நானும் நம்புகிறேன். குடும்பங்கள் மரணத்துக்கு அப்பாலும் இணைந்திருக்கும் என்றும் நம்புகிறோம். அதை நினைத்தால் இப்போதெல்லாம் எனக்கு வேறொரு பயமும் வருகிறது. அங்கே சரஸ்வதி கையில் டம்ளரோடு நின்று, "அன்னைக்கு மாரியப்பன்கிட்ட என்ன சொல்லி அனுப்புனீக?" என்று கேட்பாள். பக்கத்தில் அவனும் நிற்பான்.

காரியாபட்டி பஸ்

சபையில் இன்னொரு வழக்கம் உண்டு. இறந்துபோனவருக்குப் பதிலாக உயிரோடிருக்கும் ஒருவர் ஆலயத்தில் முழுக்கு எடுக்கலாம். இறந்தவர் அங்கே அதை ஏற்கலாம், மறுக்கலாம். பக்கத்து மாநிலத்தில் ஆலயம் எழும்பிக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மாரியப்பன் பெயரைப் படிவத்தில் எழுதினேன். அவனுக்காக நான் செய்யக்கூடியது இது ஒன்றாவது இருக்கட்டும் என்று பட்டது. நெருங்கிய உறவினர் சம்மதம் வேண்டும் என்றது படிவம்.

பேச்சியம்மாள் தன் பிறந்த ஊருக்கே போய்விட்டிருந்தார், காரியாபட்டிப் பக்கம். சென்ற மாதம் ஒரு முற்பகலில் பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்லாமல் சம்மதம் கேட்கக் கூடாது என்று உறுதி செய்துகொண்டுதான் ஏறினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பஸ்ஸின் ஆட்டத்தில் வாக்கியங்கள் கலைந்து கலைந்து போயின.

மல்லிகைத் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு. பறித்த மொட்டுகளை ஈரத்துணியில் பரப்பிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"யாரு... சாரா? இம்புட்டு மெலிஞ்சு போனீகளே! உக்காருங்க. காப்பித் தண்ணி போடட்டா? நீங்க குடிக்க மாட்டீகள்ல, அவுக சொல்லியிருக்காக."

ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். படிவத்தைப் பற்றியும், இறந்தவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம் என்பதையும் சொன்னேன்.

"செத்தவுகளுக்குப் போயி முழுக்காட்டுவாகளா?"

"அவுகளுக்குப் பதிலா இன்னொருத்தர் தண்ணியில முங்குவாரும்மா. அதுக்கு முந்தி நான் ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். மாடிப்படி, அந்த வாடை, சட்டைப் பைத் தாள்கள், திங்கட்கிழமை. என் குரல் வேறு யாருடைய குரலோ போல வெளியில் கேட்டது. அவர் விரல்கள் மொட்டுகளைப் பரப்புவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

மல்லிகை வாசம் திடீரென்று கனத்தது போலிருந்தது.

"மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்புட்டுட்டுத்தான போனாக. சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே சொன்னாக. 'சாருக்கு இன்னைக்கு வெரதம் போலருக்கு பேச்சி. நான் போயித் தொந்தரவு பண்ணிட்டேன்'னு ஒரே வருத்தம். 'ஆனா நல்லாப் பேசுனாரு, ஒண்ணும் அழியாதாம்'ன்னாக. பெறகு, 'காலையில பொம்பளையாளுக வந்து கதவைத் தெறந்துரக் கூடாது, நான் போயிட்டு வந்துருதேன்'னு கெளம்புனாக."

நான் மூன்றாம் நாள் போய்ச் சொன்ன சொற்கள் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இத்தனை வருசமா ஏன்மா யார்கிட்டயும் சொல்லல?"

"அவுகளே ஒங்க மேல கொறை சொல்லலையே. நான் என்னன்னு சொல்ல?" மொட்டுகளின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். "ஆனா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சார். ஒங்க மாடு கெணத்துக்குள்ள விழுந்துட்டா, ஞாயித்துக்கெழமைன்னு விட்டுட்டு இருப்பீகளா?"

எங்கள் வேதத்தில் அதே கேள்வி இருக்கிறது. என் பிரதியில் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறேன். அந்த அம்மாளுக்கு அது தெரியாது.

"இருக்க மாட்டேன்மா."

அவர் படிவத்தை என் பக்கமாகத் தள்ளினார்.

"பேரு குடுக்க மாட்டேன் சார். கோவமில்ல. அங்கன அவுக வேண்டாம்னு சொல்லலாம்னீகளே?"

"சொல்லலாம்."

"அவுகளுக்கு யார்கிட்டயும் வேண்டாம்னு சொல்லத் தெரியாது. நான் சொல்லிட்டேன்னு வச்சுக்கோங்க. அதுவும் போக, அங்கன போயி நிக்கையில ஒங்க ஆளுக இன்னைக்கு ஞாயித்துக்கெழமை, நாளைக்கு வான்னு சொல்லிட்டா?"

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். தெரியவில்லை. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். செம்பை எடுத்து முழுவதும் குடித்தேன்.

எழுந்தபோது கேட்டார்: "இப்பமும் ஞாயித்துக்கெழமை போனை அமத்தித்தான் வைக்கீகளா?"

"ஆமாம்மா."

"அமத்தாதீக. அம்புட்டுத்தான்."

சுவரில் சிவகாசிக் காலண்டர் தொங்கியது. "அதுல நம்பரை எழுதிட்டுப் போங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்துக்குள் சின்ன எழுத்தில் எழுதினேன்.

போன ஞாயிறு

ஊர் திரும்பியதும் ஜேசுராஜின் கடைக்குப் போய், நேர்காணல்களில் பொய் சொன்னதைச் சொன்னேன். ஒரு பேரிங்கைக் கையில் உருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஆலய அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். சிறிது காலம் நான் அப்பமும் தண்ணீரும் எடுக்கக் கூடாது என்று சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கண்தான் கலங்கியது. இனி அவரும், அவர் மூலமாக மற்ற ஒன்பது பேரும் அறிவார்கள். இந்தப் பத்திரிகை வெளிவந்ததும் நீங்களும்.

போன ஞாயிறு கடைசி வரிசையில், வெயில் விழும் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிடி வெள்ளையாக இருந்தது. என் நான்கு விரல்களையும் அதன் மேல் வைத்துக்கொண்டேன். தண்ணீர்த் தட்டு வரிசையாக வந்தது. ஒரு கோப்பையும் எடுக்காமல் பக்கத்தில் இருந்தவரிடம் நகர்த்தினேன். மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கிற அமைதி அது.

என் சட்டைப் பையில் போன் அடித்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் நின்ற ஜேசுராஜும் பார்த்தார். நான் எழுந்து வெளியே போனேன். மாரியப்பன் மூச்சு வாங்க நின்ற அதே படியில் நின்று எடுத்தேன்.

"சாரா? நாந்தான், பேச்சியம்மா."

"சொல்லுங்கம்மா. என்ன விசயம்? சொல்லுங்க."

"விசயம் ஒண்ணுமில்ல. எடுக்கீகளான்னு பாத்தேன்."